துப்பாக்கிக் குழலுக்கு ஏற்ற எஃகு எது? நீடித்த உழைப்பும் துல்லியமும் – ஓர் ஒப்பீடு

குரோம்-மாலிப்டினம் எஃகு, துருப்பிடிக்கா எஃகு, குரோம் முலாம் பூசிய குழல் ஆகியவற்றின் ஆயுள், துல்லியம், பராமரிப்பு குறித்த விரிவான தொகுப்பு.

அமரவிளை (திருவனந்தபுரம்): நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, தமிழ்நாட்டு எல்லையை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது அமரவிளை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இப்பகுதியை நனைக்கின்றன. மேற்கே கடலும் வெகுதொலைவில் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் குறையாத இத்தகைய இடத்தில் இரும்பாலான எந்தக் கருவியும் விரைவில் துருவேறும். உரிமம் பெற்ற துப்பாக்கியும் அதற்கு விலக்கல்ல.

விளைநிலங்களைச் சேதப்படுத்தும் காட்டுப்பன்றிகளைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளின் தலைவர்களுக்கு வழங்கக் கேரள அமைச்சரவை 2022ஆம் ஆண்டு மே மாதம் முடிவெடுத்தது. துப்பாக்கி உரிமம் பெற்றவர்களே இப்பணியில் ஈடுபடுத்தப்படுகின்றனர். இதனால் துப்பாக்கியின் நிலை என்பது அதை வைத்திருப்பவரின் சொந்த விஷயமாக மட்டும் நின்றுவிடவில்லை. குறி தவறினால் காயமடைந்த விலங்கு குடியிருப்புகளை நோக்கி ஓடக்கூடும். குழல் பழுதடைந்திருந்தால் சுடுபவரின் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து நேரிடும்.

துப்பாக்கியின் பாகங்களில் மிகுந்த வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்குவது குழல். அது எந்த எஃகால் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் ஆயுளும், ஓரளவுக்குத் துல்லியமும் அமைகின்றன. ஆனால் எல்லாத் தேவைகளுக்கும் பொருந்தும் ஒரே எஃகு என ஒன்று கிடையாது. நீண்ட நாள் உழைக்கும் குழலும், மிகத் துல்லியமாகச் சுடும் குழலும் பெரும்பாலும் வெவ்வேறு வழிகளில் தயாரிக்கப்படுகின்றன. அதற்கான காரணங்களை இங்கே காணலாம்.

குழலுக்குள் நடப்பது என்ன?

விசையை அழுத்தியதும் தோட்டாவிலுள்ள வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. ராணுவங்கள் பரவலாகப் பயன்படுத்தும் 7.62 x 51 மி.மீ. தோட்டாவில் இந்த வாயுவின் அழுத்தம் சுமார் 415 மெகாபாஸ்கல் வரை உயரும். இது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 4,000 மடங்கு. வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. எஃகு உருகும் வெப்பநிலையோ 1,400 முதல் 1,500 டிகிரி செல்சியஸ்தான்.

அப்படியிருந்தும் குழல் உருகிவிடாததற்குக் காரணம், இவை அனைத்தும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடுவதே. அந்தச் சிறு நேரத்தில் உட்சுவரின் மிக மெல்லிய மேற்பரப்பு மட்டுமே கடுமையாகச் சூடாகிறது. பின்னர் வெப்பம் சுவரின் உட்பகுதிக்குப் பரவிவிடுகிறது. வெடிமருந்து வெளியிடும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே குண்டைச் செலுத்தப் பயன்படுகிறது. கிட்டத்தட்ட அதே அளவு வெப்பமாகக் குழலில் இறங்குகிறது. எஞ்சியது வாயுவுடன் வெளியேறுகிறது.

குழலின் உட்புறத்தில் திருகுபோலச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு இவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறுகிறது. 305 மி.மீ. நீளத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் வரிகள் அமைந்த குழலிலிருந்து நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் வெளிவரும் குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 2,800 முறை சுழலும். இந்தச் சுழற்சியே குண்டு நிலைகுலையாமல் நேராகச் செல்ல உதவுகிறது. வரிப்பள்ளங்களின் விளிம்பு மழுங்கினால் துல்லியம் குறையும்.

தேய்மானம் குழல் முழுவதும் சீராக நிகழ்வதில்லை. தோட்டா அறையை அடுத்து, வரிகள் தொடங்கும் இடமான 'தொண்டை'ப் பகுதியே முதலில் சிதைகிறது. ஒவ்வொரு முறையும் சூடாகி உடனே குளிர்வதால் அங்குள்ள எஃகின் மேற்பரப்பில் நுண்விரிசல்கள் தோன்றுகின்றன. வாயுவிலுள்ள கரிமமும் நைட்ரஜனும் எஃகுக்குள் ஊடுருவி, எளிதில் நொறுங்கக்கூடிய மேல்படலம் ஒன்றை உருவாக்குகின்றன. காலப்போக்கில் விரிசல்கள் ஒன்றோடொன்று இணைந்து, வறண்ட குளத்தின் வெடித்த சேற்றைப் போலக் காட்சியளிக்கும். அவற்றின் ஓரங்கள் உதிரும்போது வரிகளும் மறையத் தொடங்குகின்றன.

கார்டைட் கற்பித்த பாடம்

இப்பகுதி துப்பாக்கித் தொழிலுக்குப் புதிதன்று. அமரவிளையிலிருந்து இதே நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால், தக்கலை அருகே உதயகிரிக் கோட்டையை அடையலாம். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பின்னர் திருவிதாங்கூர் படையை நவீனமாக்கினார். அவரது மேற்பார்வையில் இக்கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை செயல்பட்டது. 1777இல் மறைந்த டி லனாயின் கல்லறையும் கோட்டைக்குள்ளேயே உள்ளது.

பீரங்கியின் சுவர் தடிமனாக இருப்பதால் உலோகத்திலுள்ள சிறு குறையை எடையால் ஈடுசெய்ய முடிந்தது. தோளில் சுமக்கும் துப்பாக்கிக்கு அந்த வசதி இல்லை. அக்காலத்துக் கைவினைஞர்கள் இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, கம்பியைச் சுற்றி அடித்து இணைத்துக் குழல்களை உருவாக்கினர். மேற்பரப்பில் அலையலையான கோலங்கள் கொண்ட இக்குழல்கள் கரிமருந்தின் அழுத்தத்துக்குப் போதுமானவையாக இருந்தன. பின்னர் வந்த புகையற்ற வெடிமருந்து அந்த நிலையை மாற்றியது.

பிரிட்டிஷ் ராணுவம் 1888ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கரிமருந்தின் கசடு எளிதில் படியாமலிருக்க, ஆழமற்ற, விளிம்பு மழுங்கிய வரிகள் அதில் அமைக்கப்பட்டன. கரிமருந்துக்குப் பதிலாகக் கார்டைட் என்ற புகையற்ற மருந்து பயன்பாட்டுக்கு வந்ததும், அதன் கடும் வெப்பத்தில் அந்த வரிகள் விரைவில் தேய்ந்தன. எனவே 1895இல் ஆழமான, கூர்விளிம்புள்ள ஐந்து வரிகளுடன் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி வந்தது.

மாற்றம் குழலோடு நிற்கவில்லை. முதல் வகைக் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதமும், வெடிபஞ்சு 37 சதவீதமும் இருந்தன. குழல் அரிப்பைக் குறைப்பதற்காக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நைட்ரோகிளிசரின் 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, வெடிபஞ்சு 65 சதவீதமாக உயர்த்தப்பட்டது. எரியும் வெப்பம் தணிந்ததால் குழலின் ஆயுள் கூடியது. நீலகிரி மாவட்டம் அரவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டதும் ஏறத்தாழ இதே காலகட்டத்தில்தான்.

குழலின் ஆயுளை எஃகு மட்டும் தீர்மானிப்பதில்லை. அதற்குள் எரியும் மருந்தின் வெப்பமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதே கார்டைட் கற்பித்த பாடம். எஃகு வகைகளை ஒப்பிடும்போது இதை நினைவில் கொள்வது அவசியம்.

குரோம்-மாலிப்டினம் எஃகு

உலகெங்கும் ராணுவத் துப்பாக்கிக் குழல்களுக்கு அதிகம் பயன்படுவது குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு கலந்த எஃகு. அமெரிக்கத் தர வரிசையில் 4140, 4150 என்ற எண்களால் இவை அறியப்படுகின்றன. 4140 வகையில் கரிமம் 0.38 முதல் 0.43 சதவீதம், குரோமியம் 0.8 முதல் 1.1 சதவீதம், மாலிப்டினம் 0.15 முதல் 0.25 சதவீதம் இருக்கும். 4150 வகையில் கரிமம் மட்டும் ஏறத்தாழ அரை சதவீதமாக உயர்கிறது.

கரிமம் கூடினால் எஃகின் வலிமையும் தேய்மானத்தைத் தாங்கும் திறனும் கூடும். அதேவேளையில் அதை வெட்டுவதும் துளையிடுவதும் கடினமாகும். வெட்டுக் கருவிகள் விரைவில் மழுங்கும். குரோமியம், எஃகு ஆழம் வரை சீராகக் கடினமாவதற்கு உதவுகிறது. மாலிப்டினம், சூடான நிலையிலும் வலிமை குன்றாமல் காக்கிறது. தொடர்ச்சியாகச் சுட வேண்டிய ராணுவத் துப்பாக்கிகளுக்கு 4150 வகை விரும்பப்படுவதற்கு இதுவே காரணம்.

குழல் எஃகு மிகக் கடினமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது சரியன்று. கத்தியின் கடினத்தன்மை ராக்வெல் 'சி' அளவுகோலில் 55 முதல் 60 வரை இருக்கும். துப்பாக்கிக் குழலுக்கோ பெரும்பாலும் 26 முதல் 32 வரையே போதுமானது. அளவுக்கு மீறிக் கடினமான எஃகு, அழுத்தம் எதிர்பாராமல் உயரும்போது கண்ணாடிபோல் சிதறிவிடும். முறையாகப் பதப்படுத்திய எஃகு முதலில் வீங்கும். அதன் பின்னரே கிழியும். சுடுபவரின் உயிரைக் காப்பது இந்த இளகும் தன்மைதான்.

இவ்வகை எஃகின் முக்கியக் குறை, அது துருப்பிடிக்கும் என்பதே. அதில் ஒரு சதவீத அளவில் உள்ள குரோமியம் துருவைத் தடுக்கப் போதாது. எண்ணெய்ப் பூச்சோ வேறு பாதுகாப்போ இன்றி, ஈரமான காற்றில் சில நாட்கள் இருந்தாலே உட்புறத்தில் துருப்புள்ளிகள் தோன்றிவிடும்.

துருப்பிடிக்கா எஃகு

போட்டித் துப்பாக்கிகளிலும், தொலைதூரக் குறிபார்ப்புத் துப்பாக்கிகளிலும் பெரும்பாலும் காணப்படுவது 416 வகைத் துருப்பிடிக்கா எஃகு. அதில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம் வரை உள்ளது. வெட்டுவதற்கு எளிதாக இருக்க, குறைந்தது 0.15 சதவீதம் கந்தகமும் சேர்க்கப்படுகிறது. துப்பாக்கிக் குழலுக்கென்றே கந்தகத்தைக் குறைத்துத் தயாரிக்கப்படும் 416ஆர் என்ற வகையும் உண்டு.

கந்தகம் நன்மையும் தீமையும் ஒருங்கே தருகிறது. வெட்டுக் கருவி வழுக்கிச் செல்வதால் உட்புறத்தை மிக வழவழப்பாகவும், முனை முதல் முனை வரை ஒரே அளவாகவும் முடிக்க இயலும். துல்லியத்துக்கு இது பெரிதும் உதவுகிறது. ஆனால் கந்தகம் மாங்கனீசுடன் சேர்ந்து எஃகுக்குள் நீண்ட இழைகளாகப் படிகிறது. கம்பியின் நீளவாக்கில் ஓடும் இந்த இழைகள் எஃகின் உறுதியைக் குறைக்கின்றன. தரம் குறைந்த கம்பியானால் நீளவாட்டில் பிளவு ஏற்பட வாய்ப்புண்டு. கடுங்குளிரில் இவ்வகை எஃகின் உறுதி மேலும் குறையும். இமயமலையின் உயர்ந்த முனைகளில் பணியாற்றும் படைகளுக்கு இது முக்கியமான செய்தி.

துருப்பிடிக்கா எஃகுக் குழலின் தொண்டைப் பகுதி சற்று மெதுவாகத் தேயும் என்பது போட்டியாளர்களின் அனுபவம். அதன் துல்லியமும் நெடுநேரம் மாறாமல் இருந்து, பின்னர் திடீரெனக் குறையும் என்கின்றனர். அதே நேரம், இந்த எஃகு வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது. 4140 வகையின் வெப்பங்கடத்தும் திறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு ஏறத்தாழ 42 வாட். 416 வகைக்கு அது சுமார் 25 மட்டுமே. ஒவ்வொரு குண்டுக்கும் இடையே போதிய இடைவெளி விடும் போட்டியாளருக்கு இது தடையாக இராது. தொடர்ந்து சுடும் படைவீரருக்கோ இது பாதகமாக அமையும்.

திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் 2015ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிக்காக அமைக்கப்பட்ட துப்பாக்கிச் சுடுதளம், இப்பகுதி இளைஞர்களுக்கு அருகிலுள்ள முக்கியப் பயிற்சிக் களம். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 1 அன்று ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைபிள் பிரிவில், இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே. அதில் பயன்படும் 5.6 மி.மீ. சிறு தோட்டாவின் அழுத்தம் ஏறத்தாழ 170 மெகாபாஸ்கல். குண்டு மென்மையான ஈயத்தாலானது. ஆகவே இக்குழல்கள் பல பத்தாயிரம் குண்டுகள் சுட்ட பின்னரும் துல்லியம் குறையாமல் இருக்கின்றன.

குரோம் முலாம்: ஆயுளைக் கூட்டும், துல்லியத்தைக் குறைக்கும்

குரோம்-மாலிப்டினம் எஃகின் துருப்பிடிக்கும் குறைக்கு ராணுவங்கள் கண்ட தீர்வு, உட்புறத்தில் கடின குரோம் முலாம் பூசுவது. குரோமியம் 1,907 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அது மிகக் கடினமானது, எளிதில் துருப்பிடிக்காது, கசடும் அதிகம் ஒட்டாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானின் வகை 99 அரிசாகா துப்பாக்கிகளில் இம்முறை கையாளப்பட்டது. சோவியத் நாட்டின் கலாஷ்னிகோவ் துப்பாக்கிகள் ஈரத்திலும் சேற்றிலும் உழைத்ததற்கு முலாம் பூசிய குழலும் ஒரு காரணம்.

முலாம் இல்லாததன் விளைவை அமெரிக்கா வியட்நாமில் அனுபவித்தது. 1960களின் நடுப்பகுதியில் படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட எம்16 துப்பாக்கிகளின் தோட்டா அறையில் முலாம் இல்லை. வெடிமருந்து வகையும் மாற்றப்பட்டிருந்தது. துப்புரவுக் கருவிகளும் போதிய அளவில் வழங்கப்படவில்லை. வெப்பமண்டல ஈரத்தில் அறைகள் துருவேறி, சுட்ட தோட்டாக் கூடுகள் உள்ளேயே சிக்கின. சண்டைக்கு நடுவே துப்பாக்கி செயலிழந்ததால் வீரர்கள் உயிரிழந்தனர். 1967 முதல் தோட்டா அறைக்கும், பின்னர் குழல் முழுவதற்கும் குரோம் முலாம் பூசப்பட்டது.

முலாமுக்கும் எல்லை உண்டு. சூடாகும்போது எஃகு விரியும் அளவுக்குக் குரோமியம் விரிவதில்லை. இதனால் முலாமில் நுண்விரிசல்கள் உண்டாகி, அவற்றின் வழியே வெப்ப வாயு அடியிலுள்ள எஃகைத் தாக்குகிறது. இறுதியில் முலாம் செதில் செதிலாக உரிகிறது. மேலும், நீண்ட குறுகிய துளைக்குள் முலாமை எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் படியவைப்பது கடினம். மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு வேறுபாடும் குண்டின் பாதையைப் பாதிக்கும். போட்டித் துப்பாக்கியாளர்கள் முலாம் பூசிய குழலைப் பொதுவாகத் தவிர்ப்பது இதனால்தான்.

அண்மைக் காலத்தில் நைட்ரைடிங் முறையும் பரவி வருகிறது. சூடான உப்புக் கரைசலிலோ வாயுவிலோ குழலை வைத்து, மேற்பரப்புக்குள் நைட்ரஜனை ஊடுருவச் செய்வது இம்முறை. புதிய படலம் எதுவும் பூசப்படுவதில்லை. எஃகின் மேற்பரப்பே கடினமாகிறது. எனவே உள்ளளவு ஏறத்தாழ மாறாமல் இருந்து, துல்லியம் காக்கப்படுகிறது. துருவையும் ஓரளவு தடுக்கும். எனினும், தொடர் தானியங்கிச் சுடுதலின் உச்ச வெப்பத்தில் குரோம் முலாமே மேலானதாகக் கருதப்படுகிறது.

இயந்திரத் துப்பாக்கிகளுக்கு வேறு வழி

நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான குண்டுகளைச் சுடும் இயந்திரத் துப்பாக்கிகளில் குழல் செந்நிறமாகும் வரை சூடாவதுண்டு. இந்நிலையில் சாதாரணக் குரோம்-மாலிப்டினம் எஃகும் மென்மையாகிவிடும். ஆகவே வனேடியம் சேர்த்த எஃகு வகைகள் பயன்படுகின்றன. ஐரோப்பாவில் 32CrMoV12-10 என்ற குறியீட்டால் அறியப்படும் எஃகு இவ்வகையைச் சேர்ந்தது. இதில் குரோமியம் ஏறத்தாழ 3 சதவீதம், மாலிப்டினம் ஏறத்தாழ 1 சதவீதம். வனேடியம் நுண்ணிய கடினத் துகள்களை உருவாக்கி, உயர் வெப்பத்திலும் எஃகின் வலிமையைக் காக்கிறது. விலையும் அதற்கேற்ப அதிகம்.

அமெரிக்காவின் எம்60 இயந்திரத் துப்பாக்கியில், தோட்டா அறையை அடுத்த பகுதியில் மட்டும் ஸ்டெல்லைட் எனப்படும் கோபால்ட்-குரோமியக் கலவையாலான உள்ளுறை பொருத்தப்பட்டது. அதிகம் தேயும் இடத்துக்கு மட்டும் விலையுயர்ந்த உலோகத்தைப் பயன்படுத்தும் சிக்கனமான ஏற்பாடு இது. மற்றொரு வழி, குழலையே மாற்றிவிடுவது. இந்திய ராணுவம் நெடுங்காலம் பயன்படுத்திய பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கியின் சூடான குழலைச் சில நொடிகளில் கழற்றி, மாற்றுக் குழலைப் பொருத்த முடியும்.

துல்லியத்தில் தயாரிப்பு முறையின் பங்கு

ஒரே எஃகுக் கம்பியிலிருந்து செய்த இரு குழல்கள் வெவ்வேறு துல்லியத்தைக் காட்டுவதுண்டு. இதற்குக் காரணம் வரிப்பள்ளங்களை உருவாக்கும் முறை. ஒற்றை வெட்டுக் கருவியால் சிறிது சிறிதாகச் செதுக்குவது பழைய முறை. நேரம் அதிகமாகும், ஆனால் எஃகுக்குள் இறுக்கம் மிகக் குறைவாகவே தங்கும். வரிகளின் எதிர்வடிவம் கொண்ட கடினக் குமிழைத் துளை வழியே இழுத்து அழுத்துவது இரண்டாவது முறை. இது விரைவானது, இதில் உண்டாகும் உள்ளிறுக்கத்தை வெப்பப் பதப்படுத்தலால் நீக்க வேண்டும்.

எதிர்வடிவ அச்சுக்கோலைத் துளைக்குள் செலுத்தி, வெளியிலிருந்து பல சுத்தியல்களால் அடித்து எஃகைக் கோலின் மீது படியவைப்பது மூன்றாவது முறை. குளிர்நிலைச் சுத்தியல் வடிப்பு எனப்படும் இம்முறை, ஜெர்மனியில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எம்ஜி42 இயந்திரத் துப்பாக்கிக்காக வளர்த்தெடுக்கப்பட்டது. சில நிமிடங்களில் ஒரு குழல் தயாராகிவிடும். அடியால் எஃகு மேற்பரப்பின் கடினத்தன்மை கூடுவதால் குழல் நீண்ட நாள் உழைக்கும். உலகின் பெரும்பாலான ராணுவத் தொழிற்சாலைகள் இன்று பின்பற்றுவது இதையே.

உள்ளிறுக்கம் நீங்காத குழல், சூடாகும்போது ஒரு பக்கமாக வளையும். முதல் சில குண்டுகள் ஒரே இடத்தில் விழுந்து, அடுத்தவை மெல்ல விலகிச் செல்வதற்கு இது ஒரு காரணம். குண்டு வெளியேறும் குழல்வாய் சேதமடைவதும் துல்லியத்தை வெகுவாகக் குறைக்கும். எஃகு எவ்வளவு உயர்ந்ததானாலும் இக்குறைகளை அது ஈடுசெய்யாது.

இந்தியத் தொழிற்சாலைகளின் அனுபவம்

மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டு காலத்திலிருந்து செயல்பட்டு வருகிறது. 1962ஆம் ஆண்டு சீனப் போருக்குப் பின், லீ-என்ஃபீல்டு வடிவமைப்பையே அடிப்படையாகக் கொண்டு 7.62 மி.மீ. தோட்டாவைப் பயன்படுத்தும் 2ஏ, 2ஏ1 துப்பாக்கிகள் அங்கு தயாரிக்கப்பட்டன. புதிய தோட்டாவின் அழுத்தம் பழைய 0.303 அங்குலத் தோட்டாவைவிட அதிகம். ஆகவே வடிவம் ஏறத்தாழ அதுவே என்றாலும், மேம்பட்ட எஃகு பயன்படுத்தப்பட்டது. வெளித்தோற்றத்தை வைத்துத் துப்பாக்கியின் தாங்கும் திறனை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இது சான்று.

பின்னர் வந்த 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கியின் குழல் உட்புறம் குரோம் முலாம் பூசப்பட்டது. 1999ஆம் ஆண்டு கார்கில் போரின்போது இத்துப்பாக்கி குறித்து எழுந்த புகார்களில், கடுங்குளிரில் நெகிழித் தோட்டாப் பெட்டிகள் விரிசல் விட்டது முக்கியமானது. குழல் நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதை அது உணர்த்தியது.

திருச்சிராப்பள்ளி துப்பாக்கித் தொழிற்சாலை 1960களில் நிறுவப்பட்டது. இன்சாஸ் வகைகள், 'வித்வன்சக்' என்ற கனரக எதிர்ப்பொருள் துப்பாக்கி, 7.62 x 39 மி.மீ. தோட்டாவைப் பயன்படுத்தும் 'திருச்சி தாக்குதல் துப்பாக்கி' ஆகியவை அங்கு தயாரிக்கப்பட்டுள்ளன. படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, 2021 அக்டோபர் 1 முதல் ஏழு பொதுத்துறை நிறுவனங்கள் செயல்படத் தொடங்கியபோது, இத்தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டம் கோர்வாவில் ரஷ்யக் கூட்டுறவுடன் ஏகே-203 துப்பாக்கிகள் தயாரிக்கப்படுகின்றன. 2021 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் ராணுவத்துக்கு வழங்கப்பட வேண்டும். இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் குழலின் ஆயுள் சிறிதளவு கூடினாலும், மாற்றுக் குழல்களுக்கான பொதுப்பணம் பெருமளவில் மிச்சமாகும்.

குழல் எத்தனை குண்டுகள் தாங்கும்?

இதற்கு ஒரே எண்ணை விடையாகக் கூற இயலாது. குழல் வெடிக்கும் நிலைக்குப் போவதற்கு வெகுமுன்பே அதன் துல்லியம் குறைந்துவிடும். ஆகவே எந்த அளவு துல்லியம் தேவை என்பதைப் பொறுத்தே ஆயுளும் கணக்கிடப்படுகிறது. 100 மீட்டர் தொலைவில் 3 செ.மீ. வட்டத்துக்குள் குண்டுகள் விழ வேண்டும் என எதிர்பார்க்கும் போட்டியாளர் கைவிடும் குழல், 10 செ.மீ. வட்டம் போதும் என்பவருக்கு இன்னும் பல ஆண்டுகள் பயன்படும்.

பொதுவாக, 7.62 x 51 மி.மீ. போட்டிக் குழல் ஏறத்தாழ 5,000 குண்டுகள் வரை உயர் துல்லியத்தைத் தக்கவைக்கும். சிறிய குண்டுக்குப் பின்னால் மிகுதியான மருந்தை எரிக்கும் தோட்டாக்களுக்கு இது 2,000 அல்லது அதற்கும் கீழே குறையலாம். குரோம் முலாம் பூசிய 5.56 மி.மீ. ராணுவக் குழல்கள் நிதானமாகச் சுட்டால் 10,000 குண்டுகளைத் தாண்டியும் பணிக்கு உகந்த நிலையில் இருக்கும். அதே குழலில் இடைவிடாது தானியங்கி முறையில் சுட்டால், மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே பழுதடைந்துவிடும்.

ஒப்பீடு சுருக்கமாக:

• குரோம்-மாலிப்டினம் எஃகு: உறுதியானது, விலை குறைவு, வெப்பத்தை விரைவில் கடத்தும், துருப்பிடிக்கும்.

• துருப்பிடிக்கா எஃகு: மிகத் துல்லியமாக முடிக்கலாம், ஈரத்தை ஓரளவு தாங்கும், கடுங்குளிருக்கும் தொடர் சுடுதலுக்கும் அவ்வளவாகப் பொருந்தாது.

• குரோம் முலாம் பூசிய குழல்: வெப்பத்தையும் ஈரத்தையும் நன்கு தாங்கி நீண்ட நாள் உழைக்கும், துல்லியம் சற்றுக் குறையும்.

• நைட்ரைடிங் செய்த குழல்: துல்லியத்தையும் ஆயுளையும் ஓரளவு சமன்செய்யும், உச்ச வெப்பத்தில் முலாமுக்கு ஈடாகாது.

• வனேடியம் சேர்த்த எஃகு, ஸ்டெல்லைட் உள்ளுறை: இயந்திரத் துப்பாக்கிகளுக்கு உரியவை, விலை அதிகம்.

உரிமத் துப்பாக்கி வைத்திருப்போர் கவனத்துக்கு

கேரள எல்லைக் கிராமங்களில் விவசாயிகளிடம் உள்ளவை பெரும்பாலும் வரிப்பள்ளங்கள் இல்லாத, சிறு ஈயக்குண்டுகளைச் சுடும் ஒற்றை அல்லது இரட்டைக் குழல் துப்பாக்கிகள். உரிமம் பெற்ற சிலரிடம் அரசுத் தொழிற்சாலைகளில் தயாரான 0.315 அங்குல ரைபிள்கள் இருக்கும். இரண்டுக்கும் அடிப்படை விதிகள் ஒன்றே.

ஈரமான நாட்களில் சுட்ட உடனே குழலைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட வேண்டும். பழைய தோட்டாக்கள் சிலவற்றின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. அது எரிந்த பின் உப்பாகப் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். எண்ணெயால் மட்டும் இந்த உப்பு நீங்காது. முதலில் நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் இட வேண்டும். லீ-என்ஃபீல்டு காலத்துப் படைவீரர்கள் குழலில் கொதிநீர் ஊற்றியதன் காரணம் இதுவே.

துப்பாக்கியைத் தோலுறையில் நெடுநாள் வைத்திருப்பது நல்லதன்று. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நீண்ட நாள் பயன்படுத்தாத துப்பாக்கியை எடுக்கும்போது, தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்த பின், குழலின் ஊடே வெளிச்சம் தெரிகிறதா எனப் பார்ப்பது அவசியம். உள்ளே குளவி கட்டிய மண்கூடோ, துடைத்தபோது சிக்கிய துணியோ, மிகுதியான எண்ணெயோ இருந்தால், எந்த உயர்தர எஃகும் வீங்கவோ வெடிக்கவோ கூடும். முறுக்குப் பட்டையால் செய்த மிகப் பழைய குழல்களில் இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாக்களைப் பயன்படுத்தவே கூடாது.

குழலில் வீக்கமோ ஆழமான துருக்குழிகளோ தெரிந்தால், உள்ளூர்ப் பட்டறையில் சரிசெய்ய முயல்வது ஆபத்தானது. சட்டப்படி குற்றமும் ஆகும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைத் தயாரிப்பதற்கு மட்டுமின்றி, பழுதுபார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் தொழில்முறை உரிமம் தேவை. குழலின் நீளத்தைக் குறைப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தனிநபர் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டுள்ளது. அங்கீகரிக்கப்பட்ட படைக்கலப் பழுதுபார்ப்பாளரிடம் மட்டுமே துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும்.

போட்டியாளருக்குத் துருப்பிடிக்கா எஃகும், படைவீரருக்கு முலாம் பூசிய குரோம்-மாலிப்டினம் எஃகும் ஏற்றவை. விளைநிலத்தைக் காக்கும் விவசாயிக்கோ, கையிலிருக்கும் குழல் எந்த எஃகாலானது என்பதைவிட, அது துருவின்றியும் அடைப்பின்றியும் இருக்கிறதா என்பதே முதன்மையானது. இரு பருவமழைகள் பெய்யும் அமரவிளை போன்ற ஊர்களில், ஒவ்வொரு மழைக்காலத் தொடக்கத்திலும் முடிவிலும் அதைச் சோதித்துக்கொள்வது நல்லது.